திருவான்மியூர் உப்புக்காற்றில் காரின் மெருகைக் காப்பது எப்படி

காருக்கு பாலிஷ் போடுவது பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தினமும் காரை எதைக்கொண்டு துடைக்கிறீர்கள் என்பதைத்தான். சென்னையின் பெரும்பாலான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவர் வருவார். கையில் ஒரு வாளி, ஒரு துணி. அந்த ஒரு வாளித் தண்ணீரிலேயே வரிசையாக நிற்கிற கார்களையெல்லாம் துடைத்துவிட்டுப் போவார். முதல் காரின் மணல் கடைசிக் கார் வரைக்கும் போய்ச் சேரும். அவர்மேல் குறை சொல்ல முடியாது. ஒரு காருக்கு மாதம் நாம் கொடுக்கிற சில நூறு ரூபாய்க்கு அவ்வளவு நேரம்தான் அவரால் ஒதுக்க முடியும். ஆனால் இரவில் மொபைல் டார்ச்சை பானெட்டின்மேல் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி சிலந்திவலை பின்னியதைப் போல மெல்லிய கீறல்கள் தெரியும். அத்தனையும் தூசியோடு சேர்த்துத் துடைத்ததால் வந்தவை. இந்தப் பழக்கம் மாறாமல் பாலிஷ் போட்டால், மூன்று மாதத்தில் அதே கீறல்கள் திரும்பி வந்துவிடும்.

எங்கள் வீடு திருவான்மியூரில் இருக்கிறது. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கார் அடர்நீல நிற மாருதி ஸ்விஃப்ட். அடர்நிறக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வெள்ளைக் காரில் கண்ணுக்கே படாத கீறலும் கறையும் இதில் பளிச்சென்று தெரியும். காற்றில் உப்பு, குழாயில் போர்வெல் தண்ணீர், பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே நீளும் மாமரக் கிளை, அந்தக் கிளையில் குடியிருக்கும் காக்கைகள். இவ்வளவுக்கும் நடுவில்தான் இந்தக் காரின் மெருகை நான் காப்பாற்றி வருகிறேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த வேலையில் பழகியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாலிஷ் பெயிண்டைத் தேய்த்து எடுக்கிறது. வாக்ஸ் பெயிண்டின்மேல் ஒரு பூச்சைச் சேர்க்கிறது. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். 'பாலிஷ் வாக்ஸ்' என்று இரண்டும் கலந்த டப்பாவும் இருக்கும். அதனால் பலரும் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள். என் கருத்து இதுதான்: வாக்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் போடுங்கள், பாலிஷை வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் போடாதீர்கள். கீறல் இல்லையென்றால் அந்த ஒரு முறையும் வேண்டாம்.

இதற்குக் காரணம் பெயிண்டின் கனம். தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நம் ஊர் டிங்கரிங் கடைகளில் இதை லேக்கர் என்றும் சொல்வார்கள். இத்தனை அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கி, கீழே இருக்கும் நிறத்தைக் காப்பது இந்த மெல்லிய அடுக்குதான். ஒவ்வொரு பாலிஷும் இதிலிருந்து ஓரிரு மைக்ரானை எடுத்துக்கொண்டு போகிறது. பழைய கார்களின் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் பிரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் போன பெயிண்ட் அது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் எந்த பாலிஷும் உதவாது. மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் பழைய பெயிண்டில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல் அடுக்கு. யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியால் லேசாக பாலிஷ் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது அந்த வகை. அதற்கும் பாலிஷ் போடலாம், மிக அழகாகவும் வரும். ஆனால் கை இன்னும் மெதுவாக இருக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பூச்சு உள்ள காருக்கு பாலிஷும் வேண்டாம், வாக்ஸும் வேண்டாம். விபத்தில் அடிபட்டுப் புதிதாக பெயிண்ட் அடித்த கதவு இருந்தால், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேறி பெயிண்ட் முழுதாக இறுகும்வரை அதன்மேல் வாக்ஸ் பூசாமல் ஓரிரு மாதம் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்

எந்த பாலிஷ் வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் அதிகம். எந்தத் தண்ணீரில் கழுவலாம் என்று கேட்கிறவர்கள் குறைவு. சென்னையின் கடலோரப் பகுதிகளில் இந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருக்கின்றன. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் காரின்மேலும் படிகிறது. துளி காய்ந்ததும் ஒரு வெள்ளை வட்டம். அதன்மேல் வெயில் அடித்தால் அது பெயிண்டைப் பிடித்துக்கொள்கிறது. நாள்பட்டால் கிளியர் கோட்டையே அரித்து ஒரு பள்ளத்தை விட்டுவிடுகிறது.

இதில் பலர் நல்லெண்ணத்தோடு செய்கிற ஒரு காரியம் காருக்குக் கெடுதலாக முடிகிறது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க வேண்டாமே என்று பிடித்து வைத்து அதில் கார் கழுவுகிறார்கள். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு ஏறக்குறைய முழுவதும் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கிறது. இயந்திரத்துக்குள் போன தண்ணீரைவிட அது கடினமானது. அதைக் கழிப்பறைக்கோ தரை துடைக்கவோ வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு வேண்டாம்.

அதற்கு மாற்றும் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது. அதில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை என்றே சொல்லலாம். சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவு ஏ.சி. ஓடினால் குழாயின் கீழே வைத்த வாளியில் நல்ல அளவு சேர்ந்துவிடும். அதை ஒரு மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்து வைத்துக்கொள்வேன். காரைச் சாதாரணத் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இதை ஒரு பூவாளியில் மேலிருந்து ஊற்றுவேன். காய்ந்த பிறகு ஒரு வட்டம்கூட இருக்காது. மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும் இதே பலனைத் தரும். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட வெள்ளை வட்டங்களுக்கு வெள்ளை வினிகர் போதும். ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து, வட்டத்தின்மேல் ஓரிரு நிமிடம் வைத்து எடுங்கள். காய விடாதீர்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடந்து சிமெண்ட் தூசி படிந்திருந்தாலும் இதே வழிதான். சிமெண்ட் காரத்தன்மை உள்ளது. ஈரம் பட்டால் இறுகிவிடும். அதை ஒருபோதும் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள்.

எப்போது செய்வது

சென்னைக்கு நல்ல காலம் பொங்கலுக்குப் பிந்தைய ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வெயிலும் இளசாக இருக்கும். பாலிஷ் வேலையை அந்தச் சமயத்தில் வைத்துக்கொள்கிறேன். அக்னி நட்சத்திரத்துக்கு முன்பு ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு முறையும் தவறாமல் வாக்ஸ். எந்த மாதமானாலும் நிழல் வேண்டும். புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். சூடான தகட்டில் ஷாம்பு கறையாகும், பாலிஷ் பொடியாகும், வாக்ஸ் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் வசதி.

கழுவுவது

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் குழாயால் அடித்து மணலை இறக்கிவிடுங்கள். துணி படுவதற்கு முன்பே போகிற மணல்தான் நமக்கு லாபம். பிறகு மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாக வேண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி, பிழிந்து, பிறகே மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். வேலை முடிந்து அந்த அலசல் வாளியின் அடியைப் பார்த்தால் மணல் படிந்திருக்கும். ஒற்றை வாளியாக இருந்தால் அவ்வளவும் மறுபடி பெயிண்டின்மேல் போயிருக்கும். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி.

ஷாம்பு கார் ஷாம்புவாக இருக்கட்டும். பாத்திரம் துலக்கும் திரவம் பழைய வாக்ஸை எடுத்துவிடும் என்பது உண்மைதான். பாலிஷ் போடப் போகிற அன்று ஒரு முறை அதைப் பயன்படுத்தினால் குடி முழுகிப் போகாது. வாராவாரம் வேண்டாம்.

துடைக்க, தடிமனான மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். பழைய பனியன் துணி, லுங்கித் துண்டு இவற்றில் மணல் சிக்கினால் வெளியே வராது. தையல் ஓரமும் பெயிண்டைக் கீறும்.

கிளே பார்

கழுவித் துடைத்த பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, விரல்நுனியால் பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் கவருக்குள்ளிருந்து தடவும்போது சொரசொரவென்று இருக்கும். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வந்த இரும்புத் துகள், மரப்பிசின், தார்ப்பொட்டு, சாலை போடும்போது தெறித்தவை எல்லாம் பெயிண்டில் குத்திக்கொண்டு நிற்கின்றன. பறக்கும் ரயில் பாதையை ஒட்டி கார் நிறுத்துகிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தெரியும். கழுவினால் இவை போகாது. இவற்றை விட்டுவிட்டு பாலிஷ் போட்டால், பாலிஷைத் தேய்க்கும் பஞ்சான பேட் அந்தத் துகளையே பெயிண்டின்மேல் இழுத்துக்கொண்டு சுற்றும்.

இரும்புக்குத் தனியாக ஒரு திரவம் கிடைக்கிறது. தெளித்த சில நிமிடங்களில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக மாறி வழியும். கந்தக நாற்றம் அடிக்கும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். காய்வதற்குள் அலசிவிட வேண்டும்.

மிச்சத்துக்கு கிளே பார். பிசைந்த மாவைப் போல் மிருதுவான கட்டி. பாதியை மட்டும் எடுத்து உள்ளங்கையில் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அந்த ஈரத்தின்மேல் கட்டியை அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று ஒரு சத்தமும் தடையும் இருக்கும். சில ஓட்டங்களில் அது அடங்கி, கட்டி வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடம் முடிந்தது என்று பொருள். கட்டியைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பாக அழுக்கு ஏறியிருக்கும். அதை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். கட்டி தரையில் விழுந்துவிட்டால் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானெட் முழுக்கக் கோடு போட.

இந்த இடத்தில் நின்று காரை நன்றாகப் பாருங்கள். பலருடைய காருக்கு இதற்கு மேல் பாலிஷே தேவைப்படாது. நேரே வாக்ஸுக்குப் போய்விடலாம். பளபளப்பு குறைந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தது உப்பும் கறையும்தான்.

பாலிஷ்

கீறல் இருக்கிறது என்றால், விரல் நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது ஆழமான கீறல். பாலிஷால் அதை முழுதாக எடுக்க முயன்றால் கிளியர் கோட்டைத்தான் இழப்பீர்கள். விட்டுவிடுங்கள், அல்லது டச்சப் பெயிண்ட் வையுங்கள். நகம் சிக்காமல் வழுக்கினால் பாலிஷ் வேலை செய்யும்.

பாலிஷ் திரவத்துக்குள் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடின் மிக நுண்ணிய பொடி. அது கீறலைச் சுற்றியிருக்கும் மேட்டைச் சமன்செய்கிறது. வெளிச்சம் சிதறாமல் நேராகத் திரும்புகிறது. நம் கண்ணுக்குப் பளபளப்பு. கடையில் கரகரப்பு குறைந்துகொண்டே போகும் மூன்று வகை இருக்கும்: ரப்பிங் காம்பவுண்ட், நடுத்தர பாலிஷ், ஃபினிஷிங் பாலிஷ். வீட்டு வேலைக்கு ஃபினிஷிங் பாலிஷில்தான் தொடங்க வேண்டும். பானெட்டில் ஓரடிச் சதுரத்தில் முதலில் செய்து, துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போகவில்லையென்றால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். ரப்பிங் காம்பவுண்டை முதலிலேயே எடுக்கிற கையை நான் நம்பமாட்டேன்.

தொடங்கும் முன் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், விளக்குகளின் ஓரம், கார் கம்பெனியின் சின்னம், இவற்றோடு பானெட்டின் விளிம்பு, கதவின் விளிம்பு, பக்கவாட்டில் மடிந்து ஓடுகிற கோடுகள். எல்லா விளிம்பிலும் பெயிண்ட் மெல்லியதாகவே நிற்கும். நடுப்பகுதியில் ஒன்றும் ஆகாத அழுத்தம் விளிம்பில் பிரைமர் வரைக்கும் போய்விடும்.

கையால் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம். வெளிறலும் லேசான மங்கலும் கையாலேயே போகும். பஞ்சு போன்ற ஃபோம் பேடில் சில துளிகள் விட்டு, இரண்டடிச் சதுரத்தில், சீரான அழுத்தத்தோடு தேயுங்கள். ஒரு கதவுக்கே கை வலித்துவிடும். ஒரே நாளில் முழுக் காரையும் முடிக்க நினைக்காதீர்கள். இந்த ஞாயிறு பானெட்டும் கூரையும், அடுத்த ஞாயிறு பக்கவாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிலந்திவலைக் கீறல் முழுவதும் போக வேண்டும் என்றால் இயந்திரம் வேண்டும்.

இயந்திரத்தில் இரண்டு வகை. டிங்கரிங் கடையில் கம்பளித் தொப்பி மாட்டிச் சுற்றுவார்களே, அது ஒரே அச்சில் வேகமாகச் சுழல்வது. பழகிய கையில் அற்புதமாக வேலை செய்யும். பழகாத கையில் சில நொடிகளில் சூடேறி பெயிண்டை எரித்துவிடும். வீட்டுக்கு அது வேண்டாம். துளைபோடும் டிரில்லில் பேட் மாட்டுவதும் அதே கதைதான். வீட்டுக்கு ஏற்றது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், டி.ஏ. என்று கேட்டாலே கடையில் தருவார்கள். தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கூடவே நடுங்கியும் ஆடுவதால் ஓரிடத்தில் சூடு சேராது. அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்று நடுக்கம் மட்டும் இருக்கும். பெயிண்டைக் காப்பதும் அந்தக் குணம்தான். எங்கள் குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை எடுக்கிற பொருளைத் தனித்தனியாக வாங்கத் தேவையில்லை.

பேடில் பட்டாணி அளவில் நான்கு துளி. இயந்திரத்தை இயக்கும் முன்பே பேடைப் பெயிண்டின்மேல் ஒற்றி ஒற்றித் துளிகளைப் பரப்புங்கள். இல்லையென்றால் சுவர் முழுக்கத் தெறிக்கும். மிகக் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தின் ஆறு படிகளில் நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். இரண்டடிச் சதுரம். இடமிருந்து வலம், பாதி பேட் அளவுக்கு முந்திய ஓட்டத்தின்மேல் ஏறிக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் மேலிருந்து கீழ். நொடிக்கு ஓர் அங்குலம். பொறுமை இழந்து வேகமாக ஓட்டினால் வேலை நடக்காது. இயந்திரத்தின் எடையோடு கையின் எடை லேசாகச் சேர்ந்தால் போதும். பேட் மாட்டும் தட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் சுழல்கிறது. கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் வளைவில் சாய்ந்திருக்கிறது.

பாலிஷ் முதலில் பால்போல் வெள்ளையாகப் பரவும். நான்கைந்து முறை ஓட்டியதும் மங்கி, கண்ணாடிப் படலமாக மாறும். அங்கே நிறுத்துங்கள். அதற்குமேல் ஓட்டினால் காய்ந்து பொடியாகப் பறக்கும். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் பேடை ஒரு மென்மையான பிரஷால் சுத்தம் செய்யுங்கள். அதில் சேர்வது பழைய பாலிஷும், உங்கள் காரிலிருந்து எடுத்த கிளியர் கோட்டும். பேட் அழுக்கேறிக் கெட்டியானால் அதுவே கீறும். முழுக் காருக்கு இரண்டு மூன்று பேடாவது கையில் இருக்க வேண்டும்.

நூற்றுக்குத் தொண்ணூறு கீறல் போனால் போதும் என்று நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் பத்தைத் துரத்திக்கொண்டு போனால், அடுத்த பத்து வருடத்துக்கு வேண்டிய கனத்தை இன்றே செலவழிக்கிறீர்கள்.

பாலிஷில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. அது மெல்லிய கீறல்களை நிரப்பி இல்லாத அழகைக் காட்டும்; வாக்ஸ் ஒட்டுவதையும் தடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்தால் அது போய்விடும். உண்மையில் எவ்வளவு கீறல் போயிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது.

வாக்ஸ்

வாக்ஸ் டப்பாவில் எழுதியிருக்கும் கார்னுபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை. வறண்ட காற்றில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அந்த மரம் இலைமேல் மெழுகைச் சுரக்கிறது. இலையை வெட்டி உலர்த்தி, தட்டி எடுக்கிறார்கள். இயற்கை மெழுகுகளில் மிகவும் கடினமானவற்றில் ஒன்று இது. உருகுவதற்கு 80 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அடர்நிறக் காருக்கு இது கொடுக்கும் ஆழமும் குளிர்ச்சியும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நம் வெயிலில் ஆறு முதல் எட்டு வாரம்தான் தாங்குகிறது. செயற்கைப் பாலிமரால் ஆன சீலண்ட் அதைவிடக் கூடுதல் மாதங்கள் நிற்கும். மழைக்கு முன்பு நான் சீலண்ட் பூசுகிறேன். கல்யாணம், பண்டிகை வருகிற மாதங்களில் அதன்மேல் கார்னுபா.

பூசுவதில் ஒரே விதி, மெல்லியதாகப் பூசுவது. ஃபோம் பேடில் கட்டைவிரல் நகமளவு எடுத்தால் அரை பானெட்டுக்கு வர வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம். கனமாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இல்லை. பெயிண்டில் ஒட்டுவது அடியில் உள்ள படலம் மட்டும்தான். மேலே இருப்பது முழுவதும் துண்டோடு போய்விடும், துடைக்கிற வேலைதான் கூடும். எப்போது துடைப்பது என்பதை விரலால் சோதியுங்கள். ஓரிடத்தில் விரலை இழுத்துப் பாருங்கள். விரல் போன பாதை சுத்தமாகப் பளபளத்தால் துடைக்கலாம். பிசுபிசுத்து இழுத்தால் இன்னும் சற்றுப் பொறுங்கள். புழுக்கமான நாளில் காய அதிக நேரம் எடுக்கும். ஒரு துண்டால் துடைத்து, இன்னொரு சுத்தமான துண்டால் லேசாக மறுபடி ஓட்டுங்கள். சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை பூசினால் முதல் முறை விட்டுப்போன இடங்கள் நிரம்பிவிடும்.

முன் கண்ணாடியில் வாக்ஸ் பூசாதீர்கள். மழையில் வைப்பர் தத்தித் தத்திப் போகும். இரவில் எதிர் வண்டி விளக்கு கண்ணைக் கூசும். கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறையாக நிற்கும். பட்டுவிட்டால் பழைய டூத்பிரஷில் ஆல்கஹால் கலவையைத் தொட்டுத் தேயுங்கள்.

'டெஃப்ளான் கோட்டிங்' போடட்டுமா என்று கார் விற்பனை நிலையங்களில் கேட்பார்கள். டெஃப்ளான் உருகும் வெப்பம் 327 டிகிரி செல்சியஸ். வாணலியில் அதைச் சூளையில் வைத்துத்தான் ஒட்ட வைக்கிறார்கள். காரின் பெயிண்டை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அந்தப் பெயரில் நடப்பது ஒரு பாலிஷும் ஒரு சீலண்டும்தான். அந்தப் பணத்துக்கு நல்ல வாக்ஸ் டப்பாவும் துண்டுகளும் வாங்கினால் சில வருடங்கள் ஓடும். மண்ணெண்ணெயும் டீசலும் தொட்டுத் துடைத்தால் அன்றைக்கு மினுக்கும், மறுநாள் தெருப்புழுதி எல்லாம் அதில் ஒட்டும், ரப்பரும் கெடும். டூத்பேஸ்ட்டில் இருப்பதும் தேய்க்கும் பொடிதான். எவ்வளவு கரகரப்பு என்று அளவு தெரியாத பொடி. காருக்கு அது வேண்டாம்.

வாக்ஸ் போட்ட பிறகு

தண்ணீர் உருண்டு நின்றால் வாக்ஸ் இருக்கிறது. தட்டையாகப் பரவத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டிய நேரம். தூசி தட்டவென்று உலர்ந்த துணியை எடுக்காதீர்கள். குடியிருப்பில் கார் துடைக்க வருகிற அண்ணனிடம், "என் காருக்குக் கண்ணாடியும் உள்பக்கமும் மட்டும் போதும் அண்ணா, பெயிண்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அவருக்கும் வேலை மிச்சம்.

காக்கை எச்சத்தை அன்றே எடுக்க வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் இளகும் பெயிண்டில் அது அச்சுப்போல் பதிந்துவிடும். ஈர டிஷ்யூவை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் தூக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள். மாமரம் பூக்கும் மாதங்களில் தத்துப்பூச்சிகள் சுரக்கும் தேன் போன்ற பிசின் கார் முழுக்கச் சிதறும். புதிதாக இருக்கும்போது வெறும் தண்ணீரிலேயே போகும். விட்டுவிட்டால் அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். அந்த மாதங்களில் வாரம் இரு முறை கழுவுவது தவிர வேறு வழியில்லை.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் இருக்க முடியாது, வைக்கவும் வேண்டும். பூஜைக்கு இரண்டு நாள் முன்பு வாக்ஸ் போட்டுவிடுங்கள். குங்குமத்தின் சாயம் வாக்ஸ் இல்லாத வெள்ளை பெயிண்டில் இறங்கினால் இளஞ்சிவப்பாக நின்றுவிடும். பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்தால் இன்னும் நல்லது. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாதீர்கள், நன்றாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் தானே நழுவி வரும். ஸ்டிக்கர் மாலை ஒட்டுவதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். வெயிலில் பசை இறுகினால் கழற்றுவது பெரும்பாடு.

துண்டுகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பருத்தித் துணியின் பிசிறு மைக்ரோஃபைபரில் ஒட்டிக்கொண்டு வராது. குளிர்ந்த தண்ணீரும் திரவ சோப்பும் போதும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அது இழைகளில் படிந்தால் துண்டு ஈரத்தை உறிஞ்சாது. நிழலில், மணல் பறக்காத இடத்தில் உலர்த்தி, மூடிய டப்பாவில் வையுங்கள். பெயிண்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று துண்டுகளைப் பிரித்து வைத்தால் வீட்டில் யார் எடுத்தாலும் மாறிப்போகாது. பெயிண்டுக்கான துண்டு தரையில் விழுந்தால் அன்றிலிருந்து அது சக்கரத்துக்கான துண்டு.